கைக்குழந்தை எப்படி கத்துக்குது, வீட்டுல நாம என்ன செய்யலாம்: 0 முதல் 3 வயசு வரைக்கும் அடிக்கடி வர்ற கேள்விகள்

கைக்குழந்தை வச்சிருக்கறவங்க கேக்கற கேள்வி பெரும்பாலும் ஒன்னாத்தான் இருக்கு, ஆள்தான் மாறுது. தடுப்பூசிக்கு காத்திருக்கற எடத்துல, அங்கன்வாடி வாசல்ல, வாட்ஸ்அப் குரூப்ல, வளைகாப்பு வீட்டுலன்னு திரும்பத் திரும்ப வந்ததை எல்லாம் ஒரே எடத்துல எழுதி வச்சா கேக்கறவங்களுக்கு அனுப்ப வசதியா இருக்கும்னு தொகுத்திருக்கேன். கேட்டவங்க வார்த்தையை முடிஞ்ச வரைக்கும் மாத்தல. உங்க குழந்தையை நேர்ல பாக்கற டாக்டர் வேற மாதிரி சொன்னா அவங்க சொல்றதையே கேளுங்க.

பொறந்து ஒரு மாசம்கூட ஆகல, தூங்கறதும் பால் குடிக்கறதும்தான் வேலை. இதுகிட்ட பேசி என்ன ஆகப்போகுது?

நிறைய ஆகும்ங்க. வயித்துக்குள்ள இருக்கும்போதே கடைசி மூணு மாசம் காது நல்லாவே கேக்கும், அதனால பொறக்கும்போதே அம்மா குரல் அதுக்கு பழகின குரல். 1980ல அமெரிக்காவுல டிகாஸ்பர், ஃபைஃபர்னு ரெண்டு பேர், பொறந்து மூணு நாள்கூட ஆகாத குழந்தைங்க வாயில ஒரு நிப்பிளை வச்சு, அது சப்பற வேகத்தை பொறுத்து அம்மா குரலோ வேற ஒரு பொம்பளை குரலோ கேக்கற மாதிரி செஞ்சு பாத்தாங்க. அம்மா குரல் வரணும்ங்கறதுக்காக குழந்தைங்க சப்பற விதத்தையே மாத்திக்கிச்சு. மூணு நாள் குழந்தை!

பார்வை அந்த வயசுல 20, 30 செ.மீ. தூரம்தான் ஓரளவு தெளிவா இருக்கும். மடியில போட்டு பால் கொடுக்கும்போது உங்க முகம் கிட்டத்தட்ட அந்த தூரத்துலதான் இருக்கு. அதனால முகத்தை பாத்து பேசுங்க, அது வாயை குவிச்சா, "ஊ"ன்னா, அதுதான் அதோட பதில்.

மூணு வயசுக்குள்ள மூளை முடிஞ்சிடும்னு ஒரு வீடியோல சொன்னாங்க, பயமா இருக்கு

முடியாதுங்க, அது பாதி உண்மை. மூணு வயசுக்குள்ள மூளையோட அளவு பெரியவங்க மூளையில கிட்டத்தட்ட 80 சதவீதம் வளந்துடுது, மொத சில வருஷத்துல ஒவ்வொரு செகண்டுக்கும் பத்து லட்சத்துக்கு மேல புது நரம்பு இணைப்பு உருவாகுதுன்னு ஹார்வர்டுல குழந்தை வளர்ச்சி பத்தி வேலை செய்யற மையம் சொல்லுது. அப்புறம் அதிகம் பயன்படற இணைப்பு பலமாகும், பயன்படாதது கழிஞ்சு போகும். இதெல்லாம் சரி. ஆனா மூணு வயசோட கதவை சாத்திட்டாங்கன்னு அர்த்தம் இல்ல, திட்டம் போடறது, பொறுமையா இருக்கறது மாதிரி விஷயங்களுக்கான பகுதி இருபது வயசு தாண்டியும் வளருது. இந்த வயசு முக்கியம்னா இப்ப போடற உழைப்புக்கு பலன் அதிகம்னு எடுத்துக்கோங்க.

என்னதான் பேசறது? தனியா பேசற மாதிரி கூச்சமா இருக்கு

செய்யற வேலையை சொல்லிக்கிட்டே செய்யுங்க, அது போதும். "தண்ணி சூடா இருக்கா பாப்போம், கையை நீட்டு, அய்யோ சில்லுன்னு இருக்கா"ன்னு குளிப்பாட்டும்போது பேசறதுதான் பேச்சு. குரலை இழுத்து ராகமா பேசறதை சில பேர் கிண்டல் பண்ணுவாங்க, கண்டுக்காதீங்க, குழந்தைங்க அந்த ராகத்தைத்தான் அதிகம் கவனிக்குதுன்னு பல ஆராய்ச்சியில பாத்திருக்காங்க.

பேசறதைவிட முக்கியம், நிறுத்தறது. ஒரு வாக்கியம் சொல்லிட்டு அஞ்சு செகண்ட் சும்மா இருங்க, அது காலை உதைக்கும், சத்தம் போடும், உங்க கண்ணை பாக்கும், அதுக்கு நீங்க திரும்ப பதில் சொல்லுங்க. குழந்தை ஒன்னு செய்யுது நாம பதில் தர்றோம், நாம ஒன்னு செய்யறோம் அது பதில் தருது, இந்த போக்குவரத்துதான் குழந்தை எதையும் கத்துக்கறதுக்கு அடிப்படை, கீழ நான் எழுதியிருக்கற பாதி பதில் இங்கதான் வந்து நிக்கும். 1970கள்ல எட்வர்ட் ட்ரானிக்னு ஒரு உளவியலாளர் அம்மாக்களை குழந்தைகூட கொஞ்ச நேரம் விளையாடச் சொல்லிட்டு, அப்புறம் ரெண்டு மூணு நிமிஷம் முகத்துல எந்த உணர்ச்சியும் இல்லாம இருக்கச் சொன்னார். குழந்தை சிரிச்சு பாக்குது, கையை நீட்டுது, கத்துது, கடைசியில முகத்தை திருப்பிக்குது. பதில் வரணும்னு அதுக்கு அந்த வயசுலயே தெரியுது பாருங்க.

எங்க மாமியார் உள்ளங்கையில பருப்பு கடைஞ்சு விளையாடறாங்க, கண்ணை பொத்தி காட்டறாங்க. இதுல மூளை வளர்ச்சி எங்கேர்ந்து வருது?

எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி இது. அந்த விளையாட்டுல என்ன நடக்குதுன்னு மெதுவா பாருங்க. கையை புடிச்சு முழங்கையால உள்ளங்கையில கடையறது, விரல் விரலா மடக்கி அம்மாவுக்கு அப்பாவுக்குன்னு சோறு பங்கு வைக்கறது, அப்புறம் நண்டு கையில மெதுவா ஏறி ஏறி அக்குள்ள போய் கிச்சு கிச்சு. தினமும் அதே வரிசை. பத்து தடவை ஆடின குழந்தை, நண்டு முழங்கைக்கு வரும்போதே தோளை சுருக்கி சிரிக்க ஆரம்பிச்சிடும். அடுத்து என்ன வரும்னு அது ஊகிக்குது, ஞாபகம் வச்சிருக்குது, காத்திருக்குது. கூடவே தொடுதல், ராகம், விரலுக்கு ஒன்னா எண்ணுறது, வீட்டு ஆளுங்க பேரு, எல்லாம் ஒரே விளையாட்டுல. கடையில வாங்கற எந்த பொம்மையும் இவ்வளவு வேலை செய்யாது.

கண்ணை பொத்தி காட்டறதும் அப்படித்தான். மறைஞ்ச பொருள் இல்லாம போயிடல, அங்கேயேதான் இருக்குன்னு புரியறது ஒரு பெரிய படி. குழந்தைங்க யோசிக்கற விதத்தை ஆராய்ஞ்ச பியாஜேங்கற உளவியலாளர் அது எட்டு மாசம் வாக்குல வருதுன்னார், 1985ல ரெனே பையார்ஜோன்ங்கற ஆராய்ச்சியாளர் செஞ்ச சோதனையில அஞ்சு மாச குழந்தைக்கே அந்த புரிதல் இருக்கற அறிகுறி தெரிஞ்சுது. முந்தானையால முகத்தை மூடி "அம்மா எங்க"ன்னு கேக்கறது, ஒரு டம்ளருக்கு கீழ பந்தை மறைச்சு தேடச் சொல்றது, ஆறேழு மாசத்துலேர்ந்து ஒவ்வொன்னா ஆரம்பிங்க.

கருப்பு வெள்ளை கார்டு, மியூசிக் மேட், பிளாஷ் கார்டு செட்னு ஆயிரக்கணக்குல விக்குது. எதை வாங்கறது?

காசு இருந்து ஆசையா வாங்கினா தப்பில்ல, ஆனா வாங்காட்டி குழந்தை பின்தங்கிடும்னு யாரும் பயமுறுத்தினா நம்பாதீங்க. இதுக்கு நல்ல சாட்சி ஜமைக்கா நாட்டுல இருக்கு. 1986, 87ல கிங்ஸ்டன் நகரத்துல சாலி கிரந்தம் மெக்ரிகர்ங்கற டாக்டரோட குழு, வயசுக்கேத்த உயரம் இல்லாத 129 ஏழைக் குழந்தைங்களை எடுத்துக்கிட்டாங்க. சில குழந்தைங்க வீட்டுக்கு மட்டும் ஒரு சுகாதார பணியாளர் வாரம் ஒரு மணி நேரம், ரெண்டு வருஷம் போனாங்க. கையில கொண்டு போனது காலி டப்பா, மூடி, கட்டை மாதிரி செலவில்லாத சாமான். அவங்க செஞ்சது, குழந்தைகூட எப்படி விளையாடறது பேசறதுன்னு அம்மாவுக்கு காட்டினாங்க, அவ்வளவுதான். இருபது வருஷம் கழிச்சு பாத்தா அந்த குழந்தைங்க, அப்படி யாரும் வராத குழந்தைங்களைவிட சராசரியா 25 சதவீதம் கூடுதலா சம்பாதிக்கறாங்க.

நம்ம வீட்டுல டம்ளர், கிண்ணம், கரண்டி, மூடி போட்ட எவர்சில்வர் டப்பா, பழைய துணி, கொஞ்சம் பெருசானா சொப்பு சாமான். ஒன்னுக்குள்ள ஒன்னு போடறது, மூடியை பொருத்தறது, தட்டி சத்தம் கேக்கறது எல்லாம் யோசிக்கற வேலை. ஒரே ஒரு எச்சரிக்கை, குழந்தை வாய்க்குள்ள முழுசா போற எதுவும் கைக்கு எட்டக்கூடாது, முக்கியமா நிலக்கடலை, புளியங்கொட்டை, காசு, ரிமோட்ல இருக்கற பட்டன் பேட்டரி. பேட்டரியை முழுங்கிடுச்சோன்னு சந்தேகமா இருந்தாலும் ஒரு நிமிஷம்கூட காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு போங்க.

எதை கொடுத்தாலும் கீழ போடுது, எடுத்து கொடுத்தா சிரிச்சிட்டு திரும்ப போடுது. வேணும்னே பண்ணுதா?

வேணும்னேதான், ஆனா உங்களை வெறுப்பேத்த இல்ல. போட்டா எங்க போகுது, எப்படி சத்தம் வருது, ஒவ்வொரு தடவையும் அம்மா எடுத்து தருவாங்களான்னு சோதிக்குது. உடையாததை கொடுத்துட்டு கொஞ்ச நேரம் கூட விளையாடுங்க, முதுகு வலிச்சா நிறுத்திக்கோங்க.

போன் காட்டாம ஒரு வாய் எறங்க மாட்டேங்குது, என்னக்கா பண்றது?

இதுதான் அதிகமா வர்ற கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, ஒரு வயசு வரைக்கும் ஸ்கிரீனே வேண்டாம், ஒரு வயசு குழந்தைக்கும் டிவி வீடியோ வேண்டாம், ரெண்டு வயசுலேர்ந்து ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள, அதுவும் குறைவா இருந்தா நல்லது. இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ரெண்டு வயசுக்கு கீழ வேண்டாம்னுதான் சொல்லுது. கதிர்வீச்சு அது இதுன்னு வாட்ஸ்அப்ல சொல்றாங்களே, காரணம் அது இல்ல. 2003ல பேட்ரிசியா கூல்ங்கறவங்க ஒன்பது மாச அமெரிக்க குழந்தைங்களுக்கு சீன மொழியை 12 தடவை கேக்க வச்சாங்க, ஒரு குரூப்புக்கு நேர்ல ஆள் உக்காந்து விளையாடி பேசினாங்க, இன்னொரு குரூப்புக்கு அதே ஆள் அதே பேச்சு டிவியில. நேர்ல கேட்ட குழந்தைங்க சீன ஒலியை பிரிச்சு அறிஞ்சுது, டிவியில கேட்டது எதையும் புடிச்சுக்கல. டிவி பதில் சொல்லாது, மூணாவது கேள்வியில சொன்ன போக்குவரத்து அங்க இல்ல.

சாப்பாட்டுக்கு வருவோம். போனை பாத்துட்டே சாப்பிடற குழந்தைக்கு பசி தீந்துதான்னே தெரியாது, வாயை திறக்கும் அவ்வளவுதான். மொத நாலஞ்சு நாள் கஷ்டமா இருக்கும், கம்மியா சாப்பிடும், நல்லா இருக்கற குழந்தை அதனால மெலிஞ்சு போயிடாது. பசி வந்த அப்புறம் தட்டை வைங்க, எல்லாரும் கூட உக்காருங்க, ஒரு இட்லி துண்டை அது கையிலயே கொடுங்க, சிந்தட்டும், இருபது நிமிஷத்துல முடிச்சிடுங்க. வாசல்ல நின்னு நிலாவையும் நாயையும் காட்டி ஊட்டறது எவ்வளவோ மேல், அங்க பேச்சு இருக்கு. எடை நிஜமாவே குறைவா இருந்தா மட்டும் டாக்டரை கேட்டுட்டு ஆரம்பிங்க.

அப்பா துபாய்ல இருக்காரு, வீடியோ கால் பண்றதும் ஸ்கிரீன்தானே?

அது கணக்குல வராதுங்க, தாராளமா பேசட்டும். அந்த பக்கத்துல இருக்கறவர் குழந்தைக்கு பதில் சொல்றார் இல்லையா, அதுதான் வித்தியாசம். 2014ல வந்த ஒரு ஆராய்ச்சியில, ரெண்டு ரெண்டரை வயசு குழந்தைங்க நேரடி வீடியோ பேச்சுல புது வார்த்தையை நேர்ல கத்துக்கற மாதிரியே கத்துக்கிச்சு, பதிவு பண்ண வீடியோவுல கத்துக்கல. நீங்க பக்கத்துல உக்காந்து "அப்பா என்ன காட்டறார் பாரு"ன்னு சேத்து விடுங்க.

வீட்டுல தமிழ், அப்பார்ட்மெண்ட்ல இந்தி, பிளே ஸ்கூல்ல இங்கிலீஷ். குழம்பி பேச்சே வராம போயிடுமா?

அப்படி ஆகாதுங்க. ஆறேழு மாச குழந்தைக்கு எல்லா மொழி ஒலியும் காதுல தனித்தனியா விழும். 1984ல வெர்க்கர், டீஸ்னு ரெண்டு பேர் கனடாவுல இங்கிலீஷ் வீட்டு குழந்தைங்களுக்கு இந்தியில இருக்கற ரெண்டு விதமான "ட" "த" ஒலியை கேக்க வச்சாங்க, ஆறு எட்டு மாசத்துல வித்தியாசம் தெரிஞ்சுது, 10, 12 மாசத்துல பெரும்பாலான குழந்தைங்களுக்கு தெரியல, ஏன்னா அந்த ஒலி வீட்டுல யாரும் பேசறது இல்ல. எதை கேக்குதோ அதை காது வச்சுக்கும். ரெண்டு மூணு மொழி கேக்கற குழந்தை ஒவ்வொரு மொழியிலயும் கம்மி வார்த்தை வச்சிருக்கலாம், எல்லாத்தையும் கூட்டி பாத்தா சரியா இருக்கும். உங்களுக்கு கொஞ்சவும் கோவப்படவும் எந்த மொழி தானா வருதோ அதுல பேசுங்க, தெரியாத இங்கிலீஷ்ல தடுமாறி ரெண்டு வார்த்தை சொல்றதைவிட தமிழ்ல இருபது வார்த்தை சொல்றது குழந்தைக்கு லாபம்.

பையனுக்கு ஒன்றரை வயசு, ஒரு வார்த்தையும் இல்ல. ஆம்பளப்புள்ள லேட்டாதான் பேசும்னு எல்லாரும் சொல்றாங்க, காத்திருக்கலாமா?

காத்திருக்காதீங்க. பசங்க சராசரியா கொஞ்சம் தாமதமா பேசறது உண்மை, ஆனா அது கொஞ்சம்தான், அதை சொல்லி சொல்லியே மூணு வயசு வரைக்கும் ஓட்டினவங்க நிறைய. 12 மாசத்துல மழலை சத்தம் இல்ல, கை காட்டறது டாட்டா சொல்றது இல்ல, 16 மாசத்துல ஒரு வார்த்தைகூட இல்ல, ரெண்டு வயசுல தானா ரெண்டு வார்த்தை சேத்து சொல்லல, இதுல எது இருந்தாலும் காட்டணும். பேசிட்டிருந்தது நின்னு போச்சுன்னா எந்த வயசா இருந்தாலும் உடனே. பேச்சைவிட நான் மொதல்ல கேக்கறது, விரல் நீட்டி காட்டுதா, வானத்துல பிளேன் போனா உங்களை திரும்பி பாத்து காட்டுதா, பேர் சொன்னா திரும்புதா. இது எல்லாம் இருந்தா நல்ல அறிகுறி, அப்பவும் காது டெஸ்ட் ஒன்னு எடுத்துடுங்க.

எங்க போறதுன்னா, 2013லேர்ந்து நடக்கற ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம்ங்கற அரசு திட்டத்துல மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்னு இருக்கு, குழந்தை டாக்டர், பேச்சு பயிற்சி, காது பரிசோதனை எல்லாம் இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ அங்கன்வாடியிலயோ கேட்டா வழி சொல்வாங்க. நாக்குல வசம்பு உரசி தடவறது, தேன் வைக்கறது எல்லாம் வேண்டாம், ஒரு வயசுக்குள்ள தேன் ஆபத்தும்கூட, அதுல இருக்கக்கூடிய ஒரு கிருமி சின்ன குழந்தைக்கு தசையை செயலிழக்க வைக்கற நோயை கொண்டு வரலாம்.

வாக்கர்ல போட்டா சீக்கிரம் நடக்குமாமே?

நடக்காது, தாமதம் ஆகறதுக்குத்தான் வாய்ப்பு. படியில உருண்டு விழுந்து தலையில அடிபட்டது எத்தனையோ, கனடாவுல 2004லேர்ந்து விக்கறதுக்கே தடை. பாய் விரிச்சு தரையில விடுங்க, குப்புற விழட்டும், தவழட்டும், கட்டிலை புடிச்சு நிக்கட்டும். தானா நகர ஆரம்பிச்ச குழந்தைதான் பொருளைத் தேடிப் போய் சோதிக்கும். நிக்க வந்ததுக்கு அப்புறம் நம்ம பழைய மர நடைவண்டி நல்லது, அதுல தன் எடையை தானே தாங்கி தள்ளணும், ஆள் கூட இருக்கணும்.

பாதாம் ஊறவச்சு கொடுத்தா அறிவு வளருமா?

பாதாம் நல்ல சாப்பாடு, அதுக்குமேல மந்திரம் எதுவும் இல்ல, சின்ன குழந்தைக்கு அரைச்சுதான் கொடுக்கணும். உண்மையிலயே கவனிக்க வேண்டியது இரும்புச்சத்து. 2019–21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல நம்ம நாட்டுல ஆறு மாசம் முதல் அஞ்சு வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்கள்ல 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகை இருக்கற குழந்தை சோர்ந்து உக்காரும், எதையும் ஆர்வமா தேடாது, அப்ப கத்துக்கறதும் குறையும். ஆறு மாசத்துலேர்ந்து சரியா இணை உணவு, முட்டை, மீன், ஈரல், பயறு, கம்பு, முருங்கைக்கீரை, கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ. ஒரு வயசுக்கு மேல பாட்டில் பாட்டிலா மாட்டுப்பால் கொடுத்தா மத்த சாப்பாடு எறங்காது, இரும்பு குறையும். வாரம் ரெண்டு தடவை கொடுக்கற இரும்புச்சத்து சிரப் அரசு திட்டத்துலயே இருக்கு, கிராம சுகாதார நர்ஸ்கிட்ட கேளுங்க. இன்னொன்னு, கடையில விக்கற சில கண் மையில ஈயம் இருக்கலாம், ஈயம் மூளைக்கு கேடு, குழந்தை கண்ணுல மை வேண்டாம்.

காலையில 8 மணிக்கு வேலைக்கு போனா ராத்திரிதான். நேரமே இல்லாத நான் என்ன சொல்லிக்கொடுக்கறது?

தனியா பாடம் நடத்த நேரம் வேண்டாம். குளிப்பாட்டறது, ஊட்டறது, துணி மாத்தறது, தூளி ஆட்டறது எல்லாம் எப்படியும் யாரோ ஒருத்தர் செய்யப்போறீங்க, அதுல போனை தள்ளி வச்சு பேசினா போதும். பகல்ல பாத்துக்கற பாட்டியோ ஆயாவோ இதே மாதிரி பேசி விளையாடறவங்களா இருந்தா குழந்தைக்கு குறை ஒன்னும் இல்ல. அப்பாவும் தாத்தாவும் இதுல பாதியை எடுத்துக்கணும்.

ரெண்டு வயசு, நெனச்சது கிடைக்கலன்னா ரோட்டுல உருளுது. அடிச்சாதான் அடங்குமா?

இரண்டாவது பதில்ல பொறுமைக்கான பகுதி இருபது வயசுக்கு மேலயும் வளருதுன்னு சொன்னேன் இல்லையா, ரெண்டு வயசுல அது ஆரம்பத்துலதான் இருக்கு. அடிச்சாலோ பூச்சாண்டி வருவான்னாலோ பயத்துல நிக்கும், எப்படி அடங்கறதுன்னு கத்துக்காது. பக்கத்துல உக்காந்து "பலூன் வேணும், கோவமா இருக்கு"ன்னு அதுக்கு பதிலா நீங்க சொல்லுங்க, அடிபடாம பாத்துக்கோங்க, ஆனா கேட்டதை வாங்கி கொடுத்து நிறுத்தாதீங்க. சாதாரண நேரத்துல "செவப்பு சட்டையா நீல சட்டையா"ன்னு சின்ன முடிவை அதுகிட்டயே விடுங்க. பாதி அடம் பசியிலயும் தூக்கத்துலயும் வர்றது, 1, 2 வயசு குழந்தைக்கு பகல் தூக்கத்தையும் சேத்து 11லேர்ந்து 14 மணி நேரம் வேணும்.

ரெண்டரை வயசுல ஏபிசிடி முழுசா, இருபது வரைக்கும் நம்பர் சொல்றா. எழுத ஆரம்பிச்சிடலாமா?

சொல்றது சந்தோஷம், ஆனா "மூணு ஸ்பூன் எடுத்துட்டு வா"ன்னு கேட்டு பாருங்க, கை நிறைய அள்ளிட்டு வருவா. பாட்டு மாதிரி ஒப்பிக்கறது வேற, எண்ணிக்கை புரியறது வேற, அது மூன்றரை நாலு வயசு வாக்குலதான் நல்லா பிடிபடும். தட்டுல இட்லி வைக்கும்போது ஒன்னு, ரெண்டுன்னு தொட்டு எண்ணுங்க, படி ஏறும்போது எண்ணுங்க. எழுத விரல் தசைக்கு பலம் வேணும், மாவு பிசையறது, பட்டாணி உரிக்கறது, சுவத்துல கிறுக்கறது எல்லாம் அந்த வேலையைத்தான் செய்யுது. புக்கை ஆறு மாசத்துலேர்ந்தே மடியில வச்சு காட்டலாம், வாசிக்கணும்னு இல்ல, படத்தை காட்டி "பூனை எங்க"ன்னு கேட்டு காத்திருங்க. பிளே ஸ்கூல் அவசரம் இல்ல, அங்கன்வாடியில மூணு வயசுலேர்ந்து முன்பருவக் கல்வி இருக்கு.

குறைமாசம், 32 வாரத்துல பொறந்தா. எல்லாமே லேட்டா இருக்கே?

கணக்கை மாத்தி போடுங்க. ரெண்டு மாசம் முன்னாடி பொறந்த குழந்தைக்கு இப்ப எட்டு மாசம்னா ஆறு மாச குழந்தை செய்யறதைத்தான் எதிர்பாக்கணும், ரெண்டு வயசு வரைக்கும் இப்படித்தான் டாக்டருங்களும் பாப்பாங்க. 1978ல கொலம்பியாவுல போகோட்டா நகரத்துல ஆரம்பிச்ச கங்காரு முறை, அதாவது குழந்தையை நெஞ்சோட தோலுக்கு தோல் படற மாதிரி அணைச்சு வைக்கறது, இந்த குழந்தைங்களுக்கு ரொம்ப நல்லது, அப்பாவும் செய்யலாம். கண் விழித்திரை பரிசோதனையையும் காது பரிசோதனையையும் சொன்ன தேதியில விட்டுடாதீங்க.

ரெண்டு வயசு வரைக்கும் போன்லயே வளத்துட்டேன். இனி ஒன்னும் பண்ண முடியாதா?

முடியும். இன்னைக்கு நிறுத்தினா இன்னைக்கே அந்த நேரம் பேச்சுக்கும் விளையாட்டுக்கும் கிடைக்குது. போனை புடுங்கிட்டு வெறும் கையோட விடாதீங்க, அந்த எடத்துல தண்ணி டப், சொப்பு சாமான், நீங்கன்னு ஏதாவது இருக்கணும். பின்னாடி ஓடிட்டே இருக்கற டிவியையும் அணைங்க, அது ஓடினா பெரியவங்களே கம்மியாத்தான் பேசறோம். ஒன்னு ரெண்டு மாசத்துல பேச்சு, கண்ணை பாக்கறது எதுவும் மாறலன்னா போன்தான் காரணம்னு நீங்களே முடிவு பண்ணாம, ஒன்றரை வயசு பையன் கேள்வியில சொன்ன மையத்துக்கு கூட்டிட்டு போங்க.

குழந்தை பொறந்ததுலேர்ந்து எனக்கு எதுலயும் ஒட்டல, அழுகையா வருது, குழந்தைகிட்ட பேசவே தோணல. நான்தான் கெடுக்கறேனா?

இல்லம்மா. பிரசவத்துக்கு அப்புறம் மொத ரெண்டு வாரம் அழுகை வர்றது நிறைய பேருக்கு உண்டு, அதுக்கு மேலயும் போச்சுன்னா அது ஒரு நோய், சிகிச்சை இருக்கு, பால் கொடுத்துட்டே எடுத்துக்கக்கூடிய மருந்தும் இருக்கு. ட்ரானிக்கோட சோதனையை படிச்சிட்டு நம்ம முகத்தால குழந்தை கெட்டுப்போச்சுன்னு நெனைக்காதீங்க, அதே சோதனையில அம்மா திரும்ப சிரிச்சதும் குழந்தை மெல்ல மெல்ல திரும்ப வந்து சேந்துக்குது.

அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், எந்த நேரமும் தமிழ்லயே பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செஞ்சுக்கற மாதிரி எண்ணம் வந்தா தனியா இருக்காம பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க. நீங்க தேறி வர்ற வரைக்கும் பருப்பு கடையறதையும் கதை சொல்றதையும் வீட்டுல வேற ஒருத்தர் பாத்துக்கட்டும், அடுத்த தடுப்பூசிக்கு போகும்போது குழந்தையை பத்தி மட்டும் பேசிட்டு வராம உங்க தூக்கம், சாப்பாடு, மனசு எப்படி இருக்குன்னும் அந்த டாக்டர்கிட்ட சொல்லுங்க.